சுகுணாவின் கிளட்ச் கால்

ஓசூரில் வண்டி நின்றுபோனால் மெக்கானிக்கைத் தேடிப் போக வேண்டாம். ஓரமாக நிறுத்தி பானட்டைத் தூக்கினால் போதும், ஐந்தே நிமிடத்தில் நாலு பேர் வந்து நிற்பார்கள். நாலு பேரும் ஏதாவது ஒரு வண்டிக் கம்பெனியிலோ பார்ட்ஸ் கம்பெனியிலோ வேலை பார்ப்பவர்களாக இருப்பார்கள். இதில் ஒரு தொல்லை உண்டு. ரேடியேட்டர் செய்கிறவருக்கு உலகத்தில் எல்லா வண்டியும் ரேடியேட்டரால்தான் நிற்கும். பேட்டரி கம்பெனிக்காரர் பேட்டரியைத் தாண்டிப் பார்க்க மாட்டார். என் வீட்டுக்காரர் ரத்தினவேல் பத்து வருடமாக கிளட்ச் பிரிவில் இருக்கிறார். எங்கள் வண்டி நின்றபோது அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"கிளட்ச்ச அரைகுறையா விடற. அதான் நிக்குது. வண்டில ஒண்ணுமில்ல, உன் கால்லதான் கோளாறு."

இதை வீட்டுக்குள் சொல்லியிருந்தால் போகிறதென்று விட்டிருப்பேன். சிப்காட்டில் அவருடைய கம்பெனி கேண்டீனில், அறுபது பேர் தட்டும் கையுமாக நிற்கும்போது சொன்னார். அந்த அறுபது பேருக்கும் மதியச் சாப்பாடு கொண்டுபோகிறவள் நான். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, இரண்டு அடுப்பில் சமைத்து, பாத்திரங்களை வண்டியின் பின்னால் ஏற்றி, பன்னிரண்டரை மணி பெல்லுக்கு முன்னால் அங்கே இருக்க வேண்டும். இந்த ஆர்டரைப் பிடிக்க நான் அந்த கேட்டில் ஆறு நாள் நின்றிருக்கிறேன். அதற்காகத்தான் பெங்களூரில் பழைய வண்டி ஒன்றை வாங்கி, ஓட்டவும் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் டெஸ்டில் நான் ஒரே தடவையில் பாஸ். அவருக்கு இரண்டு தடவை ஆயிற்று. அதை நான் எந்த கேண்டீனிலும் சொன்னதில்லை.

ஏப்ரல் பிறந்ததிலிருந்து வண்டி இரண்டு தடவை நின்றுவிட்டது. இரண்டும் உச்சி வெயிலில், சாப்பாட்டோடு. ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. அரை மணி நேரம் கழித்துத் திருகினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். சாயங்காலம் மெக்கானிக் திம்மராயனிடம் கொண்டுபோனால், அவர் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு, வண்டி சொக்கமாக இருக்கிறதென்று அனுப்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் கெலமங்கலம் சந்தைக்கு ஓட்டிப் போவார். போகும்போதும் நிற்காது, வரும்போதும் நிற்காது. இறங்கும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இரண்டாம் தடவை சாப்பாடு இருபது நிமிடம் தாமதமான அன்று ராத்திரி அவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். இன்னொரு தடவை நின்றால் சாவியை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவருடைய சித்தப்பா மகன் சுபாஷ் வந்து ஓட்டுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து போகலாம். ஆர்டர் கைவிட்டுப் போகக் கூடாதே என்றுதான் சொல்வதாகச் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. என் தொழிலுக்கு என் வண்டியில் நானே பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போவதா? மாட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் வண்டி என்னிடம் மட்டும்தானே நிற்கிறது, என்ன பேசுவது? சரி என்று சொல்லிவிட்டு, ராத்திரி முழுக்க போர்வைக்குள் இடது காலை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த புதன்கிழமை மூன்றாவது தடவையும் நின்றது.

புதன் என்றால் எங்கள் கேண்டீனில் ராகிக் களி, கொள்ளுக் குழம்பு. தெற்கத்திப் பையன்களுக்குக் களி இறங்காது, அவர்களுக்குத் தனியாகச் சோறு. மத்திகிரி கூட்ரோடு தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கி அமைதியாகிவிட்டது. மணி பதினொன்று ஐம்பது. கிளட்ச்சை நான் தொடக்கூட இல்லை, நேராகப் போய்க்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

பானட்டைத் தூக்கினேன், ஆட்கள் வந்தார்கள். கம்பெனி பஸ் நிறுத்தம் பக்கத்திலேயே இருந்ததால் அன்றைக்குக் கூட்டம் கொஞ்சம் அதிகம். ஒருவர் கன்னடத்தில் என்ன ஆச்சென்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ரேடியேட்டர் மூடியைத் தொட்டுப் பார்த்தார். இன்னொருவர் பேட்டரி ஒயரை ஆட்டினார். என் வீட்டுக்காரர் கம்பெனியின் வெல்டிங் செக்‌ஷன் ராஜ்குமாரும் அதில் இருந்தான். அன்றைக்கு அவனுக்கு வார லீவு. அவன் எதையும் தொடவில்லை. ரத்தினவேல் அண்ணன் அன்றைக்கே சொன்னாரே, கிளட்ச் கால் என்று எல்லாருக்கும் விளக்கிவிட்டு, செல்லை எடுத்து அண்ணனுக்கே போன் போட்டு வண்டி நின்ற செய்தியையும் சொல்லிவிட்டான். உதவி செய்கிறானாம். அவன் தட்டில் இனி ஒரு மாதத்துக்கு அடிச்சோறுதான் என்று அப்போதே முடிவு செய்தேன்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். நீல யூனிபார்ம், கழுத்தில் அடையாள அட்டை, முத்துமணி என்று பெயர். இரண்டாம் ஷிப்ட் பஸ்ஸுக்கு நேரம் இருந்தும், ரூமில் கரண்ட் இல்லாததால் முன்னாலேயே வந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாளாம். பேச்சு திருநெல்வேலிப் பக்கம்.

"எக்கா, சாவிய ஆன்ல மட்டும் வைங்க. ஸ்டார்ட் பண்ணாதிய" என்றாள்.

வைத்தேன். அவள் பின் கதவைத் திறந்து சீட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்தாள். ஒரு சத்தமும் இல்லை. தினமும் காலையில் சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து இரண்டு விநாடி ங்ஙொய் என்று ஒரு சத்தம் வருமே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொசு சத்தம் மாதிரி இருக்கும், நான் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. அதுதான் பெட்ரோல் பம்பு ஓடும் சத்தம் என்றாள். சாவி போட்டதும் பம்பு ஓடி பெட்ரோலை முன்னால் தள்ள வேண்டும். பம்பு ஓடவில்லை, அதனால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போகவில்லை.

பம்பே போயிருக்குமோ என்று கேட்டேன். அவள் முன்னால் வந்து, பேட்டரிக்குப் பக்கத்திலிருந்த கறுப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். மூடியின் உள்பக்கம் எது எங்கே இருக்கிறது என்று படம் போட்டிருந்தது. உள்ளே தீப்பெட்டியில் பாதி அளவுக்குச் சதுரம் சதுரமாக ரிலேக்கள். சாவியைத் திருப்பினால் ரிலே உள்ளுக்குள் டிக் என்று தட்டும், அது தட்டினால்தான் பம்புக்குக் கரண்ட் போகும். பம்பு ரிலேயின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னை மறுபடி திருப்பச் சொன்னாள். தட்டவில்லை.

அவள் ரிலே கம்பெனியில், ஈயத்தை உருக்கிப் பற்று வைக்கும் சால்டர் லைனில் வேலை பார்ப்பவள். இது தெரிந்ததும் பேட்டரிக்காரர் சிரித்துவிட்டார். ரிலே கம்பெனி பொண்ணு ரிலேயைத்தானே சொல்லும் என்றார். எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் தோன்றியது.

முத்துமணிக்குக் கோபம் வரவில்லை. "ஆமாண்ணே, எனக்கும் அந்த வியாதிதான். ஆனா நான் சொல்லிட்டுப் போகல, மாத்திப் பாத்துட்டுப் போறேன்" என்றாள்.

பிறகு என்னை ஹாரனை அழுத்தச் சொன்னாள். நன்றாக அடித்தது. அப்படியென்றால் ஹாரன் ரிலே நல்ல ரிலே. சாவியை ஆப் செய்யச் சொல்லி, இரண்டு ரிலேயையும் பிடுங்கிப் பார்த்தாள். ஒரே அளவு, நாலு நாலு கால், ஒரே நம்பர். ஹாரன் ரிலேயை பம்பு இடத்திலும் பம்பு ரிலேயை ஹாரன் இடத்திலும் அழுத்திவிட்டுத் தலையாட்டினாள். சாவியைத் திருப்பினேன். பின்னாலிருந்து ங்ஙொய் என்றது. அடுத்த திருகலில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

உள்ளே சால்டரில் மயிரிழை போல விரிசல் விட்டிருக்கும் என்றாள். சூடேறினால் விரிசல் பிரிந்து கரண்ட் அறுந்துவிடும், ஆறினால் தானாக ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் மத்தியானத்தில் நின்றது, திம்மராயனிடம் சாயங்காலம் நல்ல பிள்ளையாக ஓடியது, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு சத்தியவானுக்கு மட்டும் நிற்காமல் ஓடியது. எனக்கு அவள் சொன்னதில் பாதிதான் புரிந்தது. என் கால் இல்லை என்பது முழுசாகப் புரிந்தது. அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், அவள் யூனிபார்மெல்லாம் கொள்ளு வாசனை.

மணி பன்னிரண்டு பத்து. நீயும் வா, சாப்பிட்டுவிட்டு அங்கிருந்தே உன் கம்பெனிக்குப் போகலாம் என்று அவளை ஏற்றிக்கொண்டேன். பழுதான ரிலே இப்போது ஹாரன் இடத்தில் இருந்ததால் ஹாரன் செத்துவிட்டது. ஹாரன் இல்லாமல் சிப்காட் ரோட்டில் போவது லேசுப்பட்ட காரியமில்லை. முத்துமணி ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே விட்டு, கதவைத் தட்டித் தட்டி வழி கேட்டாள். ஒரு ஷேர் ஆட்டோக்காரரை அவள் அண்ணாச்சி என்று கூப்பிட்ட கூப்பாட்டில், அவர் பயந்து ஓரமாகவே நிறுத்திவிட்டார். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிய ஓட்டினேன்.

பன்னிரண்டு இருபத்தாறுக்கு கேட்டில் இருந்தோம். அங்கே என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். ராஜ்குமாரின் போன் வேலை செய்திருந்தது. வண்டிக்குப் பக்கத்தில் வந்து, சாவிக்குக் கையை நீட்டினார்.

நான் இறங்கி, பாத்திரங்களை உள்ளே எடுத்துப் போகக் கேண்டீன் ஆட்களைக் கூப்பிட்டேன். பிறகு சாவியை அவர் கையில் வைத்தேன். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரே ஒரு தடவை நீங்களே ஸ்டார்ட் பண்ணிக் காட்டிவிட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். முத்துமணியிடம் கண்ணைக் காட்டினேன். அவள் பானட்டைத் தூக்கி இரண்டு ரிலேயையும் பழையபடி மாற்றி மாட்டினாள். இன்ஜின் சூட்டில் அந்தப் பழுதான ரிலே இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

அவர் உட்கார்ந்து திருகினார். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருகினார். பெல் அடித்து சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். மூன்றாவது தடவை திருகும்போது அவர் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. செக்யூரிட்டி எல்லப்பன் பாவம், விவரம் தெரியாதவர், மரியாதையாகக் குனிந்து ஜன்னலுக்குள் சொன்னார்.

"சார், கிளட்ச்ச நல்லா மிதிங்க சார்."

நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றைக்கு எல்லாமே கெட்டுப் போயிருக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரரிடம் ஒரு நல்ல குணம், கண்ணெதிரே டெஸ்ட் பண்ணிக் காட்டியதோடு அவர் மல்லுக்கட்ட மாட்டார். இறங்கி வந்தார். முத்துமணி சொல்லச் சொல்ல, அவரே ரிலேக்களைப் பிடுங்கி மாற்றினார், திருகினார், வண்டி கிளம்பியது. திரும்பவும் பழையபடி மாட்டினார், கிளம்பவில்லை. இன்னொரு முறையும் மாற்றிப் பார்த்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். சாவியும் அவர் சட்டைப் பையிலேயே போய்விட்டது.

பரிமாறத் தொடங்கினேன். முத்துமணிக்கு முதல் தட்டு, அவள் களியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சோறு வாங்கிக்கொண்டாள். வரிசை நகர்ந்தது. இருபது பேருக்குப் பிறகு என் வீட்டுக்காரர் தட்டோடு வந்தார். களி உருண்டையை வைத்தேன். குழம்புக் கரண்டியைத் தூக்கியவள் அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

"அன்னைக்கு எங்க நின்னு சொன்னீங்களோ, அங்க நின்னே சொல்லுங்க" என்றேன்.

பின்னால் நாற்பது பேர், பெஞ்சில் இருபது பேர். அவருக்குக் காது சிவந்தது. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். தூக்கிய கரண்டியிலிருந்து குழம்பு சொட்டுச் சொட்டாகத் திரும்ப அண்டாவிலேயே விழுந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"வண்டில ரிலே போயிருக்கு. சுகுணா கால்ல ஒண்ணுமில்ல." கொஞ்சம் நிறுத்தி, இன்னும் தணிந்த குரலில் சொன்னார். "நான் பானட்டத் தொறந்துகூட பாக்காம சொல்லிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சண்டை போடுவதற்காக ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளுக்கெல்லாம் வேலையில்லாமல் போய்விட்டது. களி முங்கும்படி குழம்பை ஊற்றினேன். சாயங்காலம் புது ரிலே வாங்கி மாட்டித் தருவதாகச் சொன்னார்.

"வாங்கிட்டு வாங்க. மாட்டறது நானு" என்றேன். "எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

அவர் தலையாட்டினார். தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அண்டாவுக்குப் பக்கத்தில் என் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு நகர்ந்தார். நான் கரண்டியை வைத்துவிட்டு, சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.