ஒரு கோடு கூடிய செம்பு

1.
இந்தக் கதை பொறாமையிலிருந்து வந்தது. என்னுடைய பொறாமை. சொல்ல வெட்கப்பட்டு அதை என் கதாபாத்திரம் றோசலினிடம் கொடுத்துவிட்டேன். ஆண்டவர் மன்னிப்பாராக; றோசலினும்.

2.
2006, மாசி மாதம். மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் வளர்ந்தோர் பள்ளி ஒன்றின் இரசாயன வகுப்பு. றோசலின் (அழகி என்று எழுதி அடித்துவிட்டேன், கதைக்குத் தேவையில்லை) பத்து வருடம் உணவகத்தில் பாத்திரம் கழுவியவள். பள்ளி ஆய்வுகூடத்தில் ஓர் உதவியாளர் வேலை காலி. போத்தல்களுக்குப் பிழையில்லாமல் பெயர்ச்சீட்டு எழுதுபவருக்கே அது.

பக்கத்தில் தனுஷா; அவளுக்கும் அதே வேலை வேண்டும். மொன்றியலுக்கு வந்து ஒரு வருடம்தான். மெட்ரோவில் எங்கே மாறுவது என்று சொல்லிக்கொடுத்ததே றோசலின். இப்போது ஆசிரியை தனுஷாவுக்குத்தான் "பிராவோ" சொல்கிறார். பிளாஸ்கின் மூடியில் முதல் தேநீரைத் தனுஷா எப்போதும் றோசலின் அக்காவுக்கே ஊற்றுவாள். அந்த நல்ல குணத்தைக்கூட றோசலினால் பொறுக்க முடியவில்லை.

3.
"றோசலினக்கா, என்ரை சீட்டுகளைக் குடுக்க முதல் ஒருக்காப் பாருங்கோ. நீங்கள் பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."

"பிராவோக்காரியின்ரையை நான் என்னத்தைப் பாக்கிறது?"

"பகிடி விடாதேங்கோ அக்கா."

நாலாவது சீட்டு. செம்பு இரண்டு, ஒட்சிசன் ஒன்று. தனுஷா பென்சிலால் பிரெஞ்சில் 'ஒக்சிட் து க்விவ்ர் (II)', செம்பு ஒட்சைட்டு இரண்டு, என்று எழுதியிருந்தாள். செம்பு இரண்டு இருக்க, கோடும் இரண்டு போட்டுவிட்டாள். அடைப்புக்குள் வருவது எண்ணிக்கையல்ல, ஓர் அணுவின் மின்னேற்றம். செம்பின் ஏற்றம் இடத்துக்கிடம் மாறும். கூட இருப்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். ஒட்சிசனின் இரண்டை இரு செம்பும் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்று. ஒரு கோடு போதும்.

(றோசலினும் அப்படித்தான். மற்றவர்களோடு சாது. தனுஷாவின் பக்கத்தில் இருந்தால்... வேண்டாம், பிரசங்கமாகிறது.)

4.
முதல் முடிவு: தனுஷாவும் றோசலினுடைய சீட்டில் ஒரு பிழையைக் காட்டுகிறாள், றோசலின் உருகுகிறாள். கிழித்துவிட்டேன். பதிலுக்குப் பதில் செய்வது அன்பாகாது.

இரண்டாவது: றோசலின் "எல்லாம் சரி" என்கிறாள். வேலை கிடைக்கிறது. தினமும் தன் கையெழுத்திலுள்ள அந்தப் போத்தலைத் துடைக்கும்போது ஒற்றைக் கோடு அவளை... இதையும் முடிக்கவில்லை.

5.
"என்னக்கா, பிழையோ?"

தனுஷா மூடியில் தேநீரை ஊற்றியபடி கேட்கிறாள். றோசலினின் கையில் அழிறப்பர். ஆசிரியை சீட்டுகளைச் சேர்த்துக்கொண்டு வருகிறார். இன்னும் இரண்டே மேசை.

அன்று என்னிடமும் ஒருத்தி இப்படித்தான் கேட்டாள். நான் வாய் திறக்கவில்லை. ஆகவே முடிவை என்னிடம் கேட்காதீர்கள். றோசலினுக்காக நீங்கள் சொல்லுங்கள், தேநீர் ஆறுவதற்குள்.