அழகம்மாளின் பாதங்கள்

“சேலைய இன்னும் தூக்கிப் பிடிங்கடி. தெருவே எட்டிப் பாக்குது” என்று முத்தாள் அத்தை அதட்டினாள்.

கொல்லையில் நாலு பெண்கள் பிடித்திருந்த சேலை மறைப்புக்குள், பெஞ்சில் கிடத்தியிருந்த அம்மா அழகம்மாளின் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தாள் இளஞ்சியம். ஊரணியிலிருந்து நீர்மாலை எடுத்துவந்த குடங்கள் பக்கத்தில் இருந்தன. தலை, தோள், கை என்று அவள் தேய்த்துக்கொண்டு வர, அத்தை பின்னாலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். பாதத்துக்கு வந்தபோது அத்தையின் கையிலிருந்த செம்பு அந்தரத்தில் நின்றது.

“அடியே, இங்கிட்டுப் பாருங்க. எங்க மதினி காலப் பாருங்க.”

சேலை பிடித்திருந்தவர்கள் கழுத்தை வளைத்துப் பார்த்தார்கள். ஒரு வெடிப்பு இல்லை. கறுத்த நகம் ஒன்றுகூட இல்லை. விரல் இடுக்குகள் குழந்தையின் காலைப் போலச் சுத்தமாக இருந்தன. கீரமங்கலத்து மல்லிகைத் தோட்டங்களில் விடிவதற்கு முன்னால் இறங்கி, வாழ்நாள் முழுக்க ஈரத்திலும் கரம்பையிலும் நின்ற கால்கள் அவை. இளஞ்சியத்துக்குக் கல்யாணமான வருஷம் அம்மாவுக்குச் சர்க்கரை என்று சொன்னார்கள். இளஞ்சியத்தின் மகளுக்கே இப்போது கல்யாணமாகிவிட்டது.

அந்தத் தெருவில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. அத்தைக்கே இடது காலில் இரண்டு விரல்கள் கிடையாது. சேலையின் ஒரு முனையைப் பிடித்திருந்தவளின் புருஷன் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தான். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அத்தை செம்பைக் கீழே வைத்தாள். அந்தப் பாதங்களை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“செருப்புப் போட்டுப் பூப்பறிக்கிற மகாராணின்னு நாம பேசாத பேச்சா? சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டு, கொண்டுவந்தத அப்படியே கொண்டு போறா பாரு” என்றாள்.

இளஞ்சியம் ஈரக்கையோடு அப்படியே நின்றாள். அம்மாவுக்கு அந்த நோயைப் பற்றித் தனியாக ஒரு கணக்கு இருந்தது. “எனக்குள்ள ஒருத்தி குடியிருக்கா” என்பாள். “காலி பண்ணச் சொன்னாலும் போக மாட்டா. அவ கூட சண்ட போட்டும் பிரயோசனம் இல்ல. நேரத்துக்குச் சோத்தப் போட்டு, அவ மேல ஒரு கண்ணு வச்சுக்கிட்டே இருக்கணும். அசந்தோம்னா வீட்டையே எழுதி வாங்கிருவா.” பொழுது சாய்ந்தால் டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பாள். செருப்பைப் போடுவதற்கு முன்னால் கையை விட்டுத் துழாவுவாள். ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, ஊசி வரைக்கும் வந்துவிட்டால் கடைசிதான் என்று மற்றவர்கள் அழுதார்கள். “வாடகையக் கூட்டிட்டா, அம்புட்டுத்தான்” என்று சொல்லிவிட்டுப் போட்டுக்கொண்டாள். கடைசியில் அவளைக் கொண்டுபோனது சர்க்கரை அல்ல. நெஞ்சில் சளி கட்டி, சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, நேற்றுச் சாயங்காலம் மூச்சு அடங்கியது.

கடைசிக் குடத்தை அப்பா ஊற்ற வேண்டும் என்றார்கள். வீரய்யா வந்தார். குடத்தை இரண்டு கையாலும் வாங்கி, மனைவியின் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரே சீராக ஊற்றினார். யாரையும் பார்க்காமல் திரும்பி நடந்தார்.

ஈரச் சிமெண்டுத் தரையில் அவருடைய வலது கால் பதிந்த இடமெல்லாம் சிவப்பாக இருந்தது.

இளஞ்சியம் கையிலிருந்த சீயக்காயைக்கூடக் கழுவாமல் பின்னால் ஓடினாள். தேங்காய் போட்டுவைக்கும் அறையில் ஒரு சாக்கு மூட்டையின்மேல் அப்பா உட்கார்ந்திருந்தார். அவள் மண்டியிட்டு அவர் காலைத் தூக்கினாள்.

“என்னப்பா இது?”

“எது?”

“ரத்தம் வருதுப்பா கால்ல.”

அவர் குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். “அட, ஆமா” என்றார்.

பெருவிரலுக்குக் கீழே பெரிய கொப்புளம் உடைந்து தோல் சுருண்டிருந்தது. அதற்குள் ஒரு கருங்கல் சில்லு பதிந்திருந்தது. அவள் அதை நகத்தால் நெம்பி எடுத்தாள். அப்பா சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கும் சர்க்கரைதான். அம்மாவுக்கு வந்து சில வருஷம் கழித்து வந்தது. ஆனால் அவரைப் பொறுத்தவரை அது நோயே அல்ல, வயசு. கண் மங்கினால் வயசு, கால் மரத்தால் வயசு. “இந்த வயசுல இது இல்லாம இருந்தாத்தான் ஆச்சரியம்” என்பார். “ஏங்க, வயசு என்ன பண்ணுச்சு ஒங்கள? அது பாட்டுக்குப் போயிக்கிட்டிருக்கு. அது தலையில எல்லாத்தையும் தூக்கி வைக்காதீங்க” என்று அம்மா கத்துவாள். அவர் பேப்பர் படிக்கும் நேரம் பார்த்து, கேட்காமலே அவர் காலை இழுத்து மடியில் போட்டுப் பார்ப்பாள். “விடு புள்ள, பேரம் பேத்தி பாக்குதுக” என்று அவர் இழுத்துக்கொள்வார். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அந்தக் காலைப் பார்க்க ஆள் இல்லை.

“எங்கிட்டுப்பா நடந்தீங்க, இப்படிப் புண்ணாக?”

“வேண்டுதல வெளிய சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். இனி என்ன” என்றார். “அவள ஆஸ்பத்திரியில சேத்த மறுநாள்லேருந்து உச்சிப் பூசைக்கு ஆஸ்பத்திரியிலேருந்து திருக்கோகர்ணம் கோயிலுக்கு நடந்தே போனேன். வெறுங்கால்ல.”

“டவுன் பஸ்ஸுல போறேன்னுல்ல சொன்னீங்க?”

“சொன்னேன். பிரகதாம்பாள்கிட்ட நின்னு, தொலஞ்சது எதுவானாலும் திருப்பிக் குடுக்குறவ நீ, எனக்கு இவளத் திருப்பிக் குடுத்துருன்னு கேட்டேன். திரும்பி வரயில வெயிலுன்னா வெயிலு, தாரு உருகி நிக்கிது. எனக்குச் சுடவே இல்ல இளஞ்சியம். பஞ்சு மேல நடக்குற மாதிரி இருந்துச்சு. தெனமும் அப்படித்தான். ஆத்தா முந்தானைய விரிச்சு விட்டிருக்கா, அப்ப இவ பொழச்சுக்குவான்னு நெனச்சேன். அப்படி அடையாளம் காட்டிட்டு, ஏன் ஏமாத்துனா?”

நாலு பேர் முன்னால் மனைவி தன் காலைத் தொட்டாலே வெட்கப்படும் மனுஷர், அவளுக்காகச் சித்திரை வெயிலில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். அந்தப் பஞ்சு என்னவென்றும் இளஞ்சியத்துக்குத் தெரியும். பஞ்சில் நடப்பதுபோல் இருந்தால் அன்றைக்கே வர வேண்டும் என்று டாக்டர் அம்மாவிடம் சொல்லும்போது அவள் பக்கத்தில் நின்றிருக்கிறாள். அது செத்துக்கொண்டிருக்கும் நரம்பு. அத்தையின் விரல்கள் போனது இதைவிடச் சின்னப் புண்ணால்.

சொன்னால், பெண்டாட்டியைப் பறிகொடுத்த அன்றைக்கே அம்மனையும் பறிகொடுப்பார். சொல்லாவிட்டால் இந்தக் காலோடு சுடுகாடு வரைக்கும் நடப்பார்.

“அப்பா, தம்பி வசந்தோட கார்ல ஏறிக்குங்களேன்.”

“அவ தோள்ல போவா, நான் கார்ல போவேனா?”

“அப்ப செருப்பாவது…”

“நல்லாருக்கு. எனக்குத்தான் சுடாதே” என்றார். “இந்த வயசுக்கு மேல காலு இருந்தா என்ன, போனா என்ன. விடு.”

அவள் விடவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல், “வாங்க, அம்மாவ ஒரு தடவ பாத்துட்டு வருவோம்” என்று கையைப் பிடித்து எழுப்பினாள்.

கூடத்தில், பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கட்டி அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். வழக்கம்போல அப்பா தலைமாட்டுக்குப் போகப் போனார். இளஞ்சியம் அவரைக் கால்மாட்டில் உட்காரவைத்தாள். “புருஷன் கால்மாட்டுல ஒக்காரலாமா?” என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

“காலப் பாருங்கப்பா.”

அவர் பார்த்தார். அரை நூற்றாண்டு ஒரே வீட்டில் இருந்தும் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல அவர் பார்வை விரல் விரலாக நகர்ந்தது. பிறகு யாரும் எதிர்பார்க்காத விதமாகக் கையை நீட்டி, கட்டைவிரலால் அந்த உள்ளங்காலைத் தடவினார்.

“எனக்கு முன்னாடி வந்துச்சு இவளுக்கு” என்றார்.

“ஆமாப்பா.” இளஞ்சியம் தயங்கினாள். ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்று அவள் நினைவுக்கு வந்தது. அதை மட்டும் சொன்னாள். “போன வாரம் நர்ஸ் பொண்ணு ஒண்ணு கண்ண மூடச் சொல்லிட்டு, துளியூண்டு பஞ்ச வச்சு அம்மா காலத் தொட்டுப் பாத்துச்சு. அம்மா வெடுக்குன்னு காலை இழுத்துக்கிட்டாங்க. கூசுதுடி, சும்மா இருன்னு சிரிச்சாங்க. ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ள சிரிச்சாங்கப்பா.”

“சிரிச்சாளா?”

“ஆமா.”

“பஞ்சுக்கா?”

“பஞ்சுக்குத்தான்.”

ஊதுவத்திச் சாம்பல் உதிர்ந்தது. வாசலில் மேளக்காரர்கள் மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்த வைக்கோல் தீயின் வாசனை உள்ளே வந்தது. அப்பா தன் வலது காலைப் புரட்டி, அந்தச் சிவந்த குழியைப் பார்த்தார். ஒரு விரலை வைத்து அழுத்தினார். இன்னும் அழுத்தினார். பிறகு மனைவியின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப ஆத்தா எனக்கு எதுவும் காட்டல” என்றார் கடைசியில்.

இளஞ்சியம் அவர் விரலைப் புண்ணிலிருந்து எடுத்துவிட்டாள்.

“சரி. அப்ப ஏமாத்தவும் இல்ல.”

அப்படிச் சொல்லிவிட்டு, சுற்றிலும் இருந்த கூட்டத்தைப் பார்க்காமல், அந்தக் காலை மகளின் மடியில் நீட்டினார்.

அவள் அலமாரியிலிருந்து அம்மாவின் மருந்து டப்பாவை எடுத்துவந்தாள். புண்ணைக் கழுவி, மருந்து வைத்துத் துணி சுற்றிக்கொண்டிருக்கும்போது, நல்லதம்பி மாமா வேர்த்து வடிய உள்ளே வந்தார். இறந்தவளின் தம்பி அவர்.

“பாடை ரெடியாகி ஊரே நிக்கிது. இங்க என்னம்மா வைத்தியம் நடக்குது?”

“இருய்யா நல்லதம்பி” என்றார் அப்பா. “ஒங்கக்கா எதுக்கும் அவசரப்படுறவ இல்ல. கட்டுப் போட்டுட்டு வர்றேன்னா நிப்பா.”

அவள் செருப்பைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தபோதுதான் உண்மையான சத்தம் கிளம்பியது. “செருப்போடயா வழியனுப்புவாரு? நம்ம சனத்துல எவன் செஞ்சிருக்கான்?” என்றார் மாமா. முத்தாள் அத்தை வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள். “ஏன்டா நல்லதம்பி, என் வெரல வெட்டி வாளியில போட்டப்ப எந்தச் சனம்டா வந்து எட்டிப் பாத்துச்சு? எங்கண்ணன் போட்டுக்கிட்டு நடக்கட்டும். பொறுக்கலேன்னா ஒன் கண்ண மூடிக்க.”

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அப்பா செருப்பை மாட்டினார். நாளைக்குப் பால் தெளித்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று இளஞ்சியம் காதோரம் சொன்னபோது, “ம்” என்றார்.

மேளம் எழுந்தது. வசந்த் தீச்சட்டியோடு முன்னால் போனான். பெண்கள் தெருமுனை வரைக்கும் அழுதுகொண்டு வந்து, அங்கே நின்றார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு வழி இல்லை. பூத் தூவிக்கொண்டு போன தார் ரோடு ஊரணிக்கரை வரைக்கும் நேராகக் கிடந்தது. வெயில் அதன்மேல் அலையலையாக நெளிந்தது. இளஞ்சியம் கண்களைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

பாடை தூக்கியவர்கள் வேகமாகப் போய்விட்டார்கள். பின்னால் வந்தவர்கள், வெறுங்கால் சூடு தாங்காமல், ஒருவர் பின் ஒருவராகத் துள்ளி, இடது ஓரத்துப் புளியமரங்களின் நிழலுக்கு ஓடினார்கள். நடு ரோட்டில் அப்பா மட்டும் ஒரே சீராக நடந்துகொண்டிருந்தார். பிறகு நின்றார். ஓடியவர்களின் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோட்டைக் கடந்து, அவரும் நிழலுக்குப் போனார்.