மூன்றாவது புத்தகத்தின் கடைசிப் படம்

சேலத்தில் வெளிவந்த ஒரு மாதப் பத்திரிகையில் ஜப்பானியப் படக்கதைகளுக்கு மதிப்புரை எழுதிவந்தவர் சின்னப்பராஜ். யுத்தகாலத்தில் பினாங்கில், ஜப்பானியரின் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தபோது அந்த மொழியைப் படிக்கக் கற்றிருந்தார். அங்கேயே தங்கிவிட்ட சிநேகிதர் ஒருவர் புதிய தொகுதிகளைக் கப்பலில் அனுப்புவார். வாள்வீரர் கதை, விண்கப்பல் கதை, சிறுமிகளுக்கான கண்ணீர்க்கதை, எதையும் அவர் விடமாட்டார். நல்லதை நல்லது என்பார். சோடையைச் சோடை என்பார்.

1963இல் அவருடைய பார்வை மங்கியது. கண் நரம்பு காய்ந்துவிட்டது, இனித் திரும்பாது என்றார் டாக்டர். பள்ளிக்கூட எழுத்தர் வேலை போயிற்று. பத்திரிகையின் அந்த இரண்டு பக்கங்கள்தான் மிச்சம். பத்திரிகாசிரியர் சின்னண்ணனிடம் கண் விஷயத்தை மறைத்துவிட்டார்.

"இதுவும் போச்சுன்னா நான் எதுக்கு, இசபெல்லா?" என்று மனைவியிடம் கேட்டார். கேட்டுவிட்டு, தட்டுத்தடுமாறிக் கிணற்றை நோக்கி நடந்தார். அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

அந்த மாதம் மூன்று புத்தகங்கள். பூதக்கண்ணாடியை வைத்து இரண்டை முடித்தார். மூன்றாவதைத் திறந்தபோது பக்கம் முழுக்க மூடுபனியாக இருந்தது. ஜப்பானிய எழுத்து தெரியாத இசபெல்லா படம் படமாகப் பார்த்துச் சொன்னாள். ஒரு சிறுமி தாயைத் தேடி ஊர் ஊராக அலைகிறாள்.

"கடைசியில?"

அவள் சற்றுத் தயங்கினாள். "அம்மாளைக் கண்டுட்டாளுங்க. கட்டிப்புடிச்சு அழறாங்க."

அவர் சொல்லச்சொல்ல அவளே எழுதினாள்.

மறுநாள் அச்சகத்தில், மதிப்புரையோடு சேர்த்துப் போட ஒரு படம் வேண்டுமென்று சின்னண்ணன் புத்தகத்தைப் புரட்டினார். கை நின்றது.

"ஏனுங்க, கடைசிப் படத்துல அந்தப் புள்ள அம்மாவோட கல்லறை முன்னால தனியா நிக்குதுங்களே. அம்மாகூடச் சேந்துருச்சுன்னு எழுதியிருக்கீங்க?"

சின்னப்பராஜ் புத்தகம் இருந்த பக்கம் கையை நீட்டினார்.

"படிக்காம எழுதினீங்களா?"

"கண்ணு தெரியலைங்க." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இன்னொருக்கா எழுதித் தாரேனுங்க. இந்த ஒருதடவை மட்டும்…"

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குதுங்க. ஆனா பாக்காத புஸ்தகத்துக்கு மதிப்புரை எப்படிங்க போடறது?"

அடுத்த இதழில் அந்தப் பக்கங்களில் சினிமாச் செய்தி வந்தது.

"ஏன் பொய் சொன்னே?" என்று மனைவியிடம் கத்தினார்.

"அன்னிக்குக் கெணத்துக்குப் போனீங்களே. அப்பறம் கல்லறைன்னு என் வாயில எப்படிங்க வரும்?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சோற்றை ஒதுக்கினார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் எழவில்லை. மூன்றாம் வாரம் பினாங்கிலிருந்து பார்சல் வந்தது. இசபெல்லா கட்டைப் பிரித்து, கட்டிலருகே உட்கார்ந்து, தானாகவே சொல்லத் தொடங்கினாள்.

"நிறுத்து," என்றார்.

அவள் நிறுத்தவில்லை. அடிபட்ட நாய் ஒன்று பனிமலையில் எசமானைத் தேடி ஏறுகிறது. கடைசிப் பக்கத்தில் அவள் குரல் உடைந்தது. "செத்துருச்சுங்க. படத்துல அப்படித்தான் இருக்குது."

அவர் சுவரைவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"தப்பு," என்றார். "கதைக்காரன் அவசரப்பட்டுட்டான். அந்த நாய் இன்னும் நாலு பக்கம் நடந்திருக்கணும். எழுதிக்க."

"எதுல போடறதுக்குங்க?"

"தெரியலை. எழுதிக்க."