எட்டுச் சேலை ஆட்டம்

திருச்செங்கோட்டு வைகாசித் தேருக்குத் தங்கசாமி ஒவ்வொரு வருடமும் குடும்பத்தோடு போவார். பள்ளிபாளையத்தில் அவருக்கு விசைத்தறிப் பட்டறை இருந்தது. தேரன்று தறி ஓடாது. பகலில் தேர் பார்த்து, கடைவீதி சுற்றி, மகளுக்கு வளையலும் மனைவிக்குப் பூவும் வாங்கிக் கொடுத்து, பொழுது சாயும் நேரத்தில் இருவரையும் பஸ் ஏற்றிவிடுவார். "எனக்குக் கொஞ்சம் சோலி இருக்குது. ரிக்கு வண்டிக்காரர் ஒருத்தரைப் பாத்துப்போட்டுக் காத்தால வாரேன்" என்பார். பதினோரு வருடமாக அதே சோலி, ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் அதே ரிக்கு வண்டிக்காரர்.

1981ஆம் வருடத் தேருக்கு மகள் ராசாத்தி உடன் வரவில்லை. தை மாதம் அவளை மல்லசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை தங்கமானவன். ஆனால் சம்பந்தி சென்னிமலை கண்டிப்பான மனிதர். கல்யாணப் பந்தலில் மைக் செட்டு சினிமாப் பாட்டுப் போட்டதற்கே எழுந்து போய் நிறுத்தச் சொன்னவர். அந்த வீட்டில் ரேடியோவில் செய்தி மட்டும்தான் ஓடும் என்று ராசாத்தி கடிதம் எழுதியிருந்தாள். சினிமா பார்த்து நாலு மாதம் ஆகிறது என்றும் ஒரு வரி இருந்தது.

அன்று சாயங்காலம் பஸ் வந்து நின்றும் மயிலம்மாள் ஏறவில்லை.

"ஏறு மயிலு, அப்புறம் எடம் கெடைக்காது."

"நான் போகலீங்க. உங்க கூடவே வாரேன்."

"எங்க வார?"

"நீங்க போற ரெக்கார்டு டான்ஸுக்குத்தான்."

தங்கசாமிக்குக் காது மடல் சூடேறியது. சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டார். "உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லோணும்? தேருக்கு மறுநா உங்க சட்டையத் தொவைக்கிறது நாந்தானுங்களே. பையில ரோசுக் கலர்ல சீட்டு இருக்கும். அதுல போட்டிருக்கறதப் படிக்க எனக்குத் தெரியாதுங்களா?"

"இத்தன வருசமா ஒண்ணும் கேக்கலியே நீ?"

"புள்ள கூட இருந்தா. இன்னைக்கு ஊட்டுக்குப் போனா சொவத்தத்தான் பாக்கோணும். பதினோரு வருசமா உங்களுக்குச் சலிக்கலியே, அப்படி என்னதான் பண்றாங்கன்னு நானும் பாத்துட்டு வாரேன்."

"அது பொம்பளைங்க வர்ற எடமில்ல மயிலு."

"ஆடறது பொம்பளைங்கதானுங்களே?"

தங்கசாமி வாயைத் திறப்பதற்குள் பஸ் போய்விட்டது.

ரிக்கு லாரிகள் நிற்கும் மைதானத்தின் கடைசியில் கொட்டகை போட்டிருந்தார்கள். தேர்க் கூட்டத்துக்கு வழிவிட்டு லாரிகளை ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு கான்ஸ்டபிள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆபாசமாக ஏதாவது நடந்தால் உடனே நிறுத்திவிடுவோம் என்ற நிபந்தனையோடுதான் இந்த வருடம் அனுமதி கொடுத்திருந்தார்கள்.

சீட்டுக் கிழிப்பவன் மயிலம்மாளைப் பார்த்ததும் கையில் இருந்த சீட்டுக் கட்டோடு எழுந்து நின்றுவிட்டான். "ஏனுங்க, அம்மா வழி தவறி வந்துட்டாங்களா?"

"வழி தவறலீங்க, தெரிஞ்சுதான் வந்தேன்" என்றாள் மயிலம்மாள்.

அவன் உள்ளே ஓடி யாரையோ கேட்டுவிட்டு வந்தான். ஆண்களுக்கு நடுவே உட்கார வைக்க முடியாது என்று மேடையின் பக்கவாட்டில், ரெக்கார்டு போடுகிறவர் அருகில், இரண்டு இரும்பு நாற்காலி போட்டான். முன்னால் ஒரு படுதா பாதி மறைத்தது. அங்கிருந்து மேடையும் தெரிந்தது, மேடைக்குப் பின்னால் ஆட்டக்காரிகள் உடை மாற்றும் தட்டியும் தெரிந்தது. தங்கசாமி துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் பாதி முகத்தை மூடிக்கொண்டார்.

முதல் ஆட்டத்தில் மூன்று பெண்கள் வந்தார்கள். இடுப்பில் சரிகைத் துண்டு, மேலே ஜிகினா ரவிக்கை, தொடை தெரிந்தது, வயிறு தெரிந்தது. கொட்டகை முழுக்க விசில். மயிலம்மாளுக்கு முதலில் தலை நிமிரவில்லை. பாட்டு முடியும்வரை தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பாட்டில் மெல்லப் பார்வையை உயர்த்தினாள். ஆடுகிறவள் படுதாப் பக்கம் திரும்பிச் சுழன்றபோது, முழங்கால் மடிப்பில் ஏதோ சுருங்கி விரிந்தது. மயிலம்மாள் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"ஏனுங்க."

"ம்?"

"அது தோலில்லீங்க."

"என்னது?"

"கால்ல, வயித்துல எல்லாம் தோல் கலர்ல துணி போட்டிருக்கறாங்க. முட்டிக்கிட்டத் தையல் தெரியுது பாருங்க."

தங்கசாமி துண்டை எடுத்துவிட்டு உற்றுப் பார்த்தார். துணிதான். கணுக்கால் முதல் கழுத்து வரை துணி. நாற்காலியில் சாய்ந்தார்.

"தறி ஓட்டறவருக்குத் துணி தெரியலியே!" என்று மயிலம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு சிரித்தாள். அதன்பிறகு அவளுக்குக் கூச்சம் போய்விட்டது. யாருக்குக் கால் நன்றாக விழுகிறது, யார் பாட்டுக்குப் பின்தங்குகிறாள் என்று பார்க்க ஆரம்பித்தாள்.

நாலாவது ஆட்டம் முடிந்து விளக்கு எரிந்தபோதுதான் தங்கசாமி முன் வரிசையைப் பார்த்தார். பார்த்தவர் மனைவியின் கையைப் பிடித்து அழுத்தினார்.

"மயிலு, அங்க பாரு. தலையில துண்டு போட்டுட்டு உக்காந்திருக்காரே, அது யாரு?"

முகம் சரியாகத் தெரியவில்லை. ஆனால் முழங்கால் மேல் ஊன்றியிருந்த கையும், அதில் இருந்த பச்சைக்கல் மோதிரமும் தெரிந்தன. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன அன்று எதிரில் இருந்த அந்தக் கைதான் நிபந்தனைகளை விரல் விட்டு எண்ணியது.

"சம்பந்திங்க!"

"எந்திரி, போயிரலாம். உன்னைய இங்க பாத்தார்னா புள்ளைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவார்."

"எப்படிங்க போறது? வாசலுக்குப் போறதுன்னா அவரு முன்னாடிதான் போகோணும். பேசாம உக்காருங்க. படுதா மறைச்சுக்கும்."

அப்போது தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஏங்க, கொக்கி பிச்சுக்கிச்சு! ஊக்கு இருக்குதா பாருங்க!"

ரெக்கார்டு போடுகிறவர் சட்டைப் பையைத் தடவினார். அவர் பெயர் சென்றாயன். உள்ளே கூப்பிட்டவள் அவர் மனைவி செல்லியம்மாள், ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. சீட்டில் "மிஸ் மல்லிகா" என்று போட்டிருந்தது அவளைத்தான். சென்றாயன் கையை விரித்தார். "எங்கிட்ட ஏது புள்ள ஊக்கு?"

மயிலம்மாள் தாலிக் கொடியில் எப்போதும் நாலைந்து ஊக்கு கோத்து வைத்திருப்பாள். யோசிக்காமல் எழுந்து தட்டிக்குப் பின்னால் போனாள்.

உள்ளே செல்லியம்மாள் துணி மூட்டைபோல் நின்றிருந்தாள். சேலைக்கு மேல் சேலையாக எட்டுச் சேலை கட்டியிருந்தாள். மேலே இருந்தது கிழவிகள் கட்டும் பழுப்பு நூல் சேலை. இடுப்பில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டியின் கொக்கி பிய்ந்திருந்தது. மயிலம்மாள் குனிந்து பட்டியை இழுத்து ஊக்கு மாட்டினாள். அப்போது எட்டுச் சேலைக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று அவள் கண்ணில் பட்டது. நிமிர்ந்து செல்லியம்மாளைப் பார்த்தாள். செல்லியம்மாள் உதட்டில் விரலை வைத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. அதுலதான் இருக்குது ஆட்டமே."

"சாமி சத்தியமாச் சொல்ல மாட்டேனுங்க."

"கடைசியில கீழ எறங்கி யாராவது ஒருத்தரைப் புடிப்பேன். இன்னைக்கு யாரைப் புடிக்கிறதுன்னு இன்னும் பாக்கல." செல்லியம்மாள் தட்டியின் இடுக்கு வழியாகக் கூட்டத்தைப் பார்த்தாள். "சொல்லும்மா, யாரைப் புடிக்கட்டும்?"

மயிலம்மாளின் பார்வை முன் வரிசைத் துண்டின்மேல் போய் நின்றது. செல்லியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டாள்.

விளக்கு அணைந்து மத்தளம் முழங்கியது. "அடுத்து வருகிறார் மிஸ் மல்லிகா! ஒவ்வொன்றாக! ஒவ்வொன்றாக!" என்று ஒலிபெருக்கி கத்தியது. கொட்டகை ஒரே கூச்சலாயிற்று.

கூனிக் குறுகி ஒரு கிழவி வந்தாள். மேடையைச் சுற்றி நடந்து, இல்லாத மருமகளை ஏசினாள். மத்தளம் ஒரு தட்டு. பழுப்புச் சேலை கழன்று விழுந்தது. உள்ளே சந்தைக்காரி, தலையில் கூடை இருப்பதுபோல் கழுத்தை ஆட்டிக்கொண்டு நடந்தாள். இன்னொரு தட்டு. சேலை விழுந்தது. வாத்தியாரம்மா வந்தாள், பிறகு நர்ஸ், பிறகு கல்யாண வீட்டில் நகையைக் காட்டுவதற்காகவே கையை நீட்டிப் பேசுகிறவள். ஒவ்வொரு சேலைக்கும் வேறு நடை, வேறு முகம். ஆண்கள் நடையை எங்கே பார்த்தார்கள்? விழுகிற சேலையை எண்ணினார்கள். "ஆறு! ஏழு!"

மயிலம்மாள் மேடையைப் பார்க்கவில்லை. தன் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கசாமி நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கொட்டகை முழுக்க எல்லா முகமும் அப்படித்தான் இருந்தது. உள்ளே இருப்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும் என்று நினைத்தபோது வயிற்றுக்குள் சிரிப்பு குலுங்கியது.

எட்டாவது சேலை விழுந்தது.

காக்கிக் கால்சட்டை, காக்கிச் சட்டை. செல்லியம்மாள் உள்ளங்கையிலிருந்து மீசையை எடுத்து ஒட்டிக்கொண்டாள். சென்றாயன் நீட்டிய லத்தியை வாங்கித் தரையில் ஓங்கித் தட்டினாள். "என்னய்யா இங்க கூட்டம்? ஊட்ல பொண்டாட்டி புள்ளைங்க இல்ல?"

ஒரு நொடி கொட்டகையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்த நொடியில் ஒரு பெண்ணின் சிரிப்பு மட்டும் கேட்டது. அடக்கி அடக்கி வைத்திருந்த மயிலம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அதைத் தொடர்ந்து கொட்டகையே வெடித்தது. வாசலில் இருந்த கான்ஸ்டபிள் ஸ்டூலை விட்டு எழுந்து கைதட்டினார்.

செல்லியம்மாள் மேடையிலிருந்து இறங்கி நேராக முன் வரிசைக்குப் போனாள். லத்தி நுனி பச்சைக்கல் மோதிரத்துக்கு முன்னால் நின்றது. "யோவ், துண்டை எடு. ஆளைப் பாக்கணும்."

எடுக்காமல் இருக்க வழியில்லை. கூட்டம் "எடு, எடு" என்று கத்தியது. சென்னிமலை துண்டை எடுத்தார். செல்லியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்து, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தாள். "ஐயா பெரிய மனுசர். மரியாதையா உக்காந்து கடைசிவரைக்கும் பாத்துட்டுப் போங்க!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. சென்னிமலையின் உதடு முதலில் இறுகியது. பிறகு துடித்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். சிரித்தபடி சல்யூட்டைத் திருப்பி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பினார். படுதா காற்றில் விலகியிருந்தது. சம்பந்தியும் சம்பந்தியம்மாளும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

விடியற்காலை ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது சென்னிமலை லாரி ஒன்றின் நிழலில் காத்துக்கொண்டிருந்தார்.

"தேருக்கு வந்தீங்களாக்கும்" என்றார் சென்னிமலை.

"ஆமாங்க, தேருக்குத்தானுங்க" என்றார் தங்கசாமி.

"அப்படியே இந்தப் பக்கம் வந்தேனுங்க. சும்மா, என்ன நடக்குதுன்னு பாக்கலாம்னு" என்றார் சென்னிமலை.

"நானும் அதுக்குத்தானுங்க வந்தேன்" என்றாள் மயிலம்மாள். "நல்லா இருந்துச்சுங்க. ஒருத்தியே எட்டுப் பேரா நடந்து காட்டினாளே. கடைசியில நீங்களுஞ் சிரிச்சுட்டீங்களே."

சென்னிமலை தொண்டையைக் கனைத்தார். "சிரிக்காம எப்படிங்க இருக்கறது?"

"ராசாத்திக்கும் இப்படிச் சிரிச்சுட்டு இருக்கறதுன்னா உசுருங்க. நாலு மாசமாச்சு, ஒரு சினிமாக்கூடப் பாக்கலியாமா."

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. சென்னிமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சின்னஞ்சிறுசுக. நாந்தான் யோசிக்கல. ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரையும் சேலத்துக்குப் போய்ப் படம் பாத்துட்டு வரச் சொல்றேனுங்க." நாலடி நடந்தவர் திரும்பி வந்தார். "நாம பாத்துக்கிட்டதை..."

"ஊட்டுக்கு வந்தா நீங்க எனக்கு எப்பவும் போலச் சம்பந்திதானுங்க" என்றாள் மயிலம்மாள். அவர் கும்பிட்டுவிட்டு நடந்தார்.

மைதானத்து முனையில் ஒரு டீக்கடை திறந்திருந்தது. இருவரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செல்லியம்மாளும் சென்றாயனும் வந்தார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு நூல் சேலையில் வந்த செல்லியம்மாளைத் தங்கசாமிக்கு அடையாளமே தெரியவில்லை. மயிலம்மாள் நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தாள்.

"எட்டுல எது நல்லா இருந்துச்சும்மா? நெசமாச் சொல்லு" என்றாள் செல்லியம்மாள்.

"சந்தைக்காரிங்க. வாத்தியாரம்மாதான் கொஞ்சம் சரியில்லீங்க. எங்க ஊர் வாத்தியாரம்மா அப்படிக் கையை ஆட்டி நடக்க மாட்டாங்க. ஒரு கையில கொடை, ஒரு கை தலைப்ப இறுக்கிப் புடிச்சுக்கும்."

"எப்படி, நடந்து காட்டு."

மயிலம்மாள் கணவனைப் பார்த்தாள். அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து டீக்கடை விளக்கு வெளிச்சத்தில் நாலு தப்படி நடந்தாள். குடை இல்லாமலே குடை தெரிந்தது. டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அடேயப்பா!" என்றாள் செல்லியம்மாள். "வேற யாரு மாதிரி நடப்ப?"

மயிலம்மாள் சற்று யோசித்தாள். பிறகு வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் ஒரு பாவனை செய்து, கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, வயிற்றைச் சற்றே முன்தள்ளி, ஒவ்வொரு தறிக்கும் முன்னால் நின்று, குனிந்து, அறுந்த இழையைத் தேடி, "ம்ஹூம்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த தறிக்குப் போனாள்.

சென்றாயன்தான் முதலில் தங்கசாமியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தங்கசாமிக்குப் புரையேறிவிட்டது. இருமி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நான் இப்படியா மயிலு நடக்கறேன்?"

"தெனமும் காத்தால இப்படித்தானுங்க."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். இவளுக்கு இது வரும் என்று அவருக்குத் தெரியாது. இன்னும் யார் யாரையெல்லாம் இப்படிப் பார்த்து வைத்திருக்கிறாளோ என்று நினைத்தார். கேட்கவேண்டும்போல் இருந்தது. எல்லோருக்கும் இன்னொரு டீ சொன்னார்.

பள்ளிபாளையத்துக்கு முதல் பஸ் ஹாரன் அடித்துக் கிளம்பியது. அவர்கள் எழுந்திருக்கவில்லை.