ஜாஸ்பர் சொல்லாதது

அரசு வக்கீல் நடராஜ் குரலைத் தாழ்த்தினார். இறுதி வாதம் முடிகிற கட்டம். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. "ரத்த வெள்ளத்தில் கிடந்த ஜாஸ்பர், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா? 'இன்பம், பிள்ளைகளைப் படிக்க வை.' அதோடு உயிர் போயிற்று, கனம் கோர்ட்டார் அவர்களே."

பின் பெஞ்சில் இன்பமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஜாஸ்பர் அவளை இன்பம் என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. சீவலப்பேரி வயலில், வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிவிட்ட தகராறில், பலவேசம் பின்னாலிருந்து மண்வெட்டியால் போட்டது ஒரே போடு. காப்பி கொண்டுபோன அவள் வரப்பில் நின்று அதைப் பார்த்தாள். ஓடிப்போய்ப் புரட்டினபோது உயிர் இல்லை. வாய் நிறையச் சேறு. விரலை விட்டு அதைத் தோண்டி எடுத்தவள் அவள்தான். சாட்சிக் கூண்டிலும் இதைத்தான் சொன்னாள். அந்த வாய்க்குள் இந்த மனுஷன் இப்போது பாகு காய்ச்சி ஊற்றுகிறார்.

எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து, சாட்சியத்தில் இப்படி ஒரு வரியே இல்லை என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "சாட்சியத்துல இருக்கறத மட்டும் பேசுங்க."

நடராஜ் பணிவாகத் தலையாட்டினார். பிறகு இன்னும் மெல்ல, "ஒரு தகப்பன் வேறென்ன சொல்லியிருப்பான்?" என்று அதையே வேறு பக்கமிருந்து எடுத்தார். காய்ந்த கண்ணைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த கொழுந்தன் கிருபைராஜ் விம்மினான். இன்பமணி எழுந்து நின்றாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவிய ஒண்ணும் சொல்லல அய்யா. நான் போகையில செத்துத்தான் கெடந்தாவ."

நீதிபதி அவள் பக்கம் திரும்பினார். "உக்காருங்கம்மா" என்றார், அதட்டாமல். நடராஜ் அவசரமாகப் பேசி முடித்தார். தீர்ப்பு அடுத்த மாதம் என்றார்கள்.

வெளியே டீக்கடையில் நடராஜ் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். அதே கைக்குட்டையால் உதட்டு எண்ணெயைத் துடைத்தார்.

"ஒங்க கேஸ நீங்களே கெடுக்கீங்களேம்மா. நான் யாருக்காகப் பேசுதேன்?"

"வெட்டுனத நான் கண்ணால பாத்தேன் சார். அது போதாதா?"

"போதாது. மனசு எளகணும்லா."

கிருபைராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அண்ணன் அப்படித்தான் சொல்லியிருப்பான் மதினி. அம்மைக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன், ஏங்கி அழுதா. கல்லறைக் கல்லுல அந்த வார்த்தையத்தான் வெட்டப்போறேன்."

"வெட்டிக்கோ. நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்."

அவன் விடுவிடுவென்று பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். அவள் தனியாக நின்றாள். அப்போதுதான் போலீஸ்காரர்கள் பலவேசத்தை வேனுக்குக் கூட்டிவந்தார்கள். அவளைக் கண்டதும் அவன் நின்றான். இரண்டு கையையும் குவித்து, நெஞ்சுக்கு நேரே வைத்துக் கும்பிட்டான். அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

தனக்காகப் பேசினாள் என்று நினைத்துவிட்டானோ என்று இன்பமணிக்கு உடம்பெல்லாம் கூசியது. சுவரோரக் குழாயைத் திறந்து வாய் கொப்பளித்தாள். துப்பினாள். மறுபடியும் கொப்பளித்தாள். நிமிர்ந்தபோது வேன் கிளம்பியிருக்கவில்லை. கம்பிவலைக்குப் பின்னால் அந்தக் கைகள் இன்னும் இறங்காமல் குவிந்தே இருந்தன.