கடைக் கண்ணாடியில் ஒட்ட நாலு வரி

1

கல்முனை பஸாரில் ஒரு முகத்தின் விலை ஆயிரத்து இருநூறு ரூபா. பேரம் பேசத் தெரிந்தால் தொள்ளாயிரம்.

கதை எங்கிருந்து வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் சாச்சாவின் (சித்தப்பாவின்) மகன், எனக்குத் தம்பி முறையான ஜவாத், அந்தப் பஸாரில் அழகுப் பொருள் கடை வைத்திருக்கிறான். போன மாதம் வந்து, “காக்கா, நீங்க எழுதிற ஆள்தானே. கடைக் கண்ணாடில ஒட்ட நாலு வரி எழுதித் தாங்க” என்றான். என்னத்துக்கு என்று கேட்டேன். அவன் சொன்னது நாலு வரியில் அடங்கவில்லை.

2

முதல் தொடக்கம்: ‘ஒலுவில் கடலின் மேல் நிலா மெல்ல...’

வெட்டிவிட்டேன். இந்தக் கதையில் யாரும் கடலுக்குப் போகவில்லை.

இரண்டாவது: ‘கண்ணாடியைப் பார்த்த நதீராவின் கண்களில்...’

இதுவும் சரிவரவில்லை. நதீரா ஜவாதின் மனைவி. இலேசில் அழுகிற ஆள் இல்லை. மருதமுனையில் மோட்டார் சைக்கிள் மணலில் சறுக்கியதில் அவள் இடது கன்னத்தில் ஒரு தழும்பு விழுந்தது. விரல் நீளம், கருமை, கொஞ்சம் தடிப்பு.

3

அந்த ஆயிரத்து இருநூறுக்கு ஜவாத் விற்றது ஒரு வெள்ளையாக்கும் கிரீம். தழும்பையும் மங்க வைக்குமாம். டப்பாவில் செய்தவன் பெயர் இல்லை, திகதி இல்லை. சிரிக்கிற ஒருத்தியின் படம் மட்டும் இருந்தது. வாங்க வருகிறவர்கள் தயங்கினால் அவன் கடைசி ஆயுதத்தை எடுப்பான்.

“வல்லாஹி, என்ட ஊட்டுக்காரியும் இதத்தான் பூசுறா.”

(எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வியாபாரம். என் வாப்பா விற்ற ஒவ்வொரு சாரனையும் அவரே உடுத்துவதாகச் சொல்லித்தான் விற்றார். ஆனால் அல்லாஹ்வைச் சாட்சிக்குக் கூப்பிட்டதில்லை.)

நதீரா பூசவில்லை. அப்படியொரு டப்பா இருப்பதே அவளுக்குத் தெரியாது. அவள் இருப்பது சாய்ந்தமருதில், யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்பது ஜவாதின் கணக்கு.

4

ஒரு கலியாண வீட்டில் பார்த்தார்கள்.

பாத்தும்மா என்ற வாடிக்கைக்காரி நதீராவின் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“இது மங்கினதா புள்ள? அப்ப முந்தி எப்படி இரிந்திச்சு?”

“என்ன மங்கின?”

“உங்கட மாப்புள்ள சத்தியம் பண்ணித்தானே எனக்கு வித்தாரு.”

நதீரா ஒரு கணம்தான் யோசித்தாள். “ஓம், பூசிட்டுத்தான் இரிக்கன்” என்றாள்.

5

அன்றிரவே அவள், வீட்டில் பிரிக்காமல் கிடந்த சரக்குப் பெட்டியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தாள்.

ஏன் எடுத்தாள் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம். கணவனின் பொய்யை மெய்யாக்கவா? தழும்பு போக வேண்டும் என்ற ஆசையா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் அவள் உத்தமி போல வந்தாள், இரண்டாவதில் ஏமாளி போல. கடைசியில் அவளிடமே கேட்டேன்.

“தழும்பும் போகட்டும், இவர்ட பொய்யும் போகட்டும் எண்டு பூசினன். ரெண்டும் போகல்ல.”

கன்னம் வெளுத்தது. தடித்த தழும்பு அசையவில்லை. வெளுப்புக்கு நடுவில் கரிக்கோடு போல முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது. பிறகு வெயில் பட்டாலே முகம் நெருப்பாய் எரிந்தது. அப்போதுதான் ஜவாத் நிமிர்ந்து பார்த்தான்.

“ஆர்ட்ட வாங்கின?”

“உங்கடதான். நல்ல சாமான் எண்டா என்ட ஊட்டுல முதல்ல எனக்குத்தானே தந்திருக்கணும்? ஏன் தரல்ல?”

வீடு அவளுடையது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஜவாத் சாப்பாட்டை விட்டு எழும்பினான்.

6

தோல் டொக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கருமை மட்டுமென்றால் சரியான மருந்தும், வெயிலுக்குப் பூசுவதும், பொறுமையும் இருந்தால் மங்கும் என்றார். தடிப்பை எந்த வெள்ளைக் கிரீமும் கரைக்காது. பெயரில்லாத இந்த டப்பாக்களில் ஸ்டீரொய்ட் இருக்கலாம், தோலை மெலிய வைக்கும். பாதரசமும் இருக்கலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசியவர்கள் வந்து காட்ட வேண்டும். ஸ்டீரொய்ட் இருந்தால் திடீரென்று நிறுத்தினாலும் முகம் சிவந்து எரியும்.

நதீராவின் சிறுநீர்ப் பரிசோதனை நல்லபடியாக வந்தது. கன்னம் இன்னும் ஆறவில்லை.

ஜவாத் மௌலவியிடமும் போனான். பொய்ச் சத்தியத்துக்குப் பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்கச் சொன்னார்.

“எல்லாச் சத்தியத்துக்கும் சேத்து ஒரு தரம் குடுத்தாப் போதுமா ஹஸ்ரத்?”

“பேரத்த பஸார்ல வெச்சுக்கங்க ஜவாத்.”

எத்தனை சத்தியம் என்று அவனுக்கே தெரியாததால் சாப்பாடு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. நதீராதான் சமைக்கிறாள். சமைத்துக்கொண்டே கேட்டாள்: “இது அல்லாஹ்ட கணக்கு. அந்தப் பொம்புளையளுக்கு என்ன செய்யப் போறீங்க?”

அதற்காகத்தான் அவன் என்னிடம் வந்தது.

7

முடிவு அ: தழும்பு மறைகிறது. (டொக்டரைக் கேட்ட பிறகு இதை எழுத எனக்குக் கை வரவில்லை.)

முடிவு ஆ: ஜவாத் கடையை மூடிவிட்டுப் பள்ளிவாசலே கதியென்று... (வாசித்துக் காட்டினேன். நதீரா சிரித்தாள்.)

ஆகவே, அவன் கேட்ட நாலு வரி:

‘இந்தக் கிரீம் நல்லதல்ல.
என் மனைவி பூசுவதாகச் சொன்னது பொய்.
டப்பாவைத் தந்து காசை வாங்குங்கள்.
தோல் டொக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள்.’

இரண்டாவது வரியை எடுத்துவிடச் சொல்லி ஜவாத் என்னோடு அரைமணி நேரம் பேரம் பேசினான். “அது இரிக்கட்டும்” என்று நதீராவே கொண்டுபோய் ஒட்டினாள். முகத்தை மூடாமல், பட்டப்பகலில், பஸார் நடுவில்.

இனிக் கதையை முடிக்க வேண்டியவன் நான் இல்லை. உங்கள் அலுமாரியை நீங்கள்தான் திறந்து பார்க்க வேண்டும். இன்றுவரை கணக்கு இப்படி:

வந்தது: எழுபது டப்பா.
நதீரா எடுத்தது: ஒன்று.
விற்றது: அறுபத்தொன்பது.
திரும்பியது: முப்பத்தொன்று.
நிலுவை: முப்பத்தெட்டு முகம்.