மேப்பிள் பாகும் மூன்று வீட்டு நாக்கும்

1

ஒளிப்பானேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை அறந்தாங்கியில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்த டின்னிலிருந்து பிறந்தது. குடைக்கம்பி வாங்கப் போனவன் நான். டின்மேல் விரித்த கைபோல ஒரு சிவப்பு இலை. அதன் கீழே கனடா என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தால் வெந்தய வாசம். கனடாக்காரர்கள் வெந்தயத்தை டின்னில் அடைத்து அறந்தாங்கிக்கு அனுப்புவார்களா என்ன? கடைக்காரரைக் கேட்டேன். "எந்த வீட்டுச் சாமானோ, யாரு கண்டா! வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். குடைக்கம்பியை மறந்துவிட்டு டின்னோடு வீடு வந்து சேர்ந்தேன். இனி வருவதெல்லாம் என் சொந்தப் புளுகு.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "கனடாவின் மொந்திரியால் துறைமுகத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கப்பலின் மேல்தட்டில் நின்றுகொண்டு சேக் அலாவுதீன்" (அடித்துவிட்டேன். பனி கொட்டி நான் பார்த்ததே இல்லை. கொட்டும்போது சத்தம் வருமா வராதா என்றுகூடத் தெரியாது.)

பிறகு இப்படி: "சம்சுன் நிஹாரின் கண்கள்" (இதையும் விட்டுவிட்டேன். கண்ணில் ஆரம்பித்தால் கதை காப்பிக்கு வந்து சேரவே சேராது.)

2

சம்சுன் நிஹாருக்குத் தன் புருஷன் மேல் கோபமில்லை. கப்பல் மேல்தான் கோபம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருஷத்துக் கோடை. சேக் அலாவுதீன் சரக்குக் கப்பலில் பட்லர். கல்யாணம் முடிந்த கையோடு போனவர், இப்போதுதான் லீவில் வந்திருக்கிறார். அடுத்த வாரம் மதராஸ் போய்த் திரும்பவும் கப்பல் ஏற வேண்டும். இந்த முறையாவது மனுஷர் வீட்டோடு இருந்துவிட மாட்டாரா என்று அவளுக்கு ஏக்கம். வாயைத் திறந்து கேட்க மட்டும் ரோஷம் விடவில்லை.

அவர் வாயிலோ எந்நேரமும் ஒரு காப்பிதான். மொந்திரியாலில் ஓர் இத்தாலிக்காரர் கடை. காப்பி கொஞ்சம், பால் நிறைய, மேலே மெத்தென்று நுரை. காஃபே லாத்தே என்று பெயராம். அதில் சீனிக்குப் பதிலாக மரத்துப் பாகு விடுவார்களாம். அந்தப் பாகில்தான் ஒரு டின் வாங்கி வந்திருந்தார்.

"மரத்துல வடியிற சாறா?" என்று அவருடைய தாயார் ரம்லத் பீவி நெஞ்சில் கை வைத்தார். "அப்பக் கள்ளுல்ல அது! தொழுகுற வூட்டுக்குள்ள என்னத்தடா கொண்டாந்து வச்சிருக்க?"

"கள்ளு இல்லம்மா. நம்ம பதநீரு மாதிரி. அடுப்புல காய்ச்சிப் பாகா எடுக்குறது. மேப்பிள்னு ஒரு மரம்." *

தாயார் ஒருவழியாகச் சமாதானமாகித் தொழப் போனார். அலாவுதீன் பெண்டாட்டி பக்கம் திரும்பி, "வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சு வந்து நானே போட்டுத் தாரேன், குடிச்சுப் பாரு சம்சு. அந்தக் காப்பி மட்டும் நம்ம வூட்டுல தெனம் கெடைச்சா, கப்பலுக்கு எவன் போவான்?" என்றார்.

விளையாட்டுப் பேச்சுதான். அவள் அதை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

* நான் மேப்பிள் பாகை ருசித்ததில்லை. அநேகமாக நீங்களும் ருசித்திருக்க மாட்டீர்கள். ஆக, இந்தக் கதையில் நாம் இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம்.

3

இங்கே ரம்லத் பீவியைக் கொடுமைக்கார மாமியாராக்கினால் கதை சுலபமாக ஓடும். இரண்டு பக்கம் எழுதியும் பார்த்தேன். டின்னைப் பூட்டி வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிற மாமியார். ஊஹும், அந்த அம்மாள் படியவில்லை. எதையும் பூட்டி வைக்கிற ஜாதியே இல்லை அவர், கொடுத்தே பழகியவர். கதைக்கு வந்த வினையும் அதுதான்.

கப்பலில் இருந்து எந்த இனிப்பு வந்தாலும், பாத்திஹா ஓதித் தெருவுக்குக் கொடுத்த பிறகுதான் வீட்டில் தொடுவது என்பது ரம்லத் பீவியின் வழக்கம். வெள்ளிக்கிழமை காலை மகன் குளிக்கப் போன நேரம் ஓதி முடித்தார். டின்னையும் ஒரு தேக்கரண்டியையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். வீட்டுக்கு ஒரு கரண்டி. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கேட்பானேன்! பால் ஊற்ற வந்த மூக்காயிக்கும் உள்ளங்கையில் ஒரு கரண்டி.

சம்சுன் நிஹார் அடுப்படியை விட்டு வெளியே வந்தபோது டின் காற்றாய்க் கனத்தது.

"மாமி, இது காப்பிக்குல்ல வச்சிருந்தாக!"

"காப்பிக்கா? எனக்கு யாரும்மா சொன்னா?" என்றவர், மருமகள் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனார். "ஏம்மா அழுவுற? பாகுதானே!"

"காப்பி குடுத்தா கப்பலுக்குப் போகலன்னாக" என்று தேம்பினாள் அவள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த ரோஷமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்துவிட்டது.

ரம்லத் பீவி மருமகளின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்தார். அவருக்கும் ஒரே மகன். அவரும் இதுவரை வாயைத் திறந்து கேட்டதில்லை.

"முக்காட்டப் போடு. தெருவுக்குக் குடுத்ததத் தெருவுலயே போய்க் கேப்போம்" என்றார்.

4

(இந்த இடத்தில் நான் எழுந்துபோய் ஒரு காப்பி குடித்தேன். சாதாரணக் காப்பிதான். நீங்களும் போய் வாருங்கள், அவர்கள் இருவரும் முக்காடு போட்டுக் கிளம்புவதற்குள் வந்துவிடலாம்.)

கொடுத்த பாகையா திரும்பக் கேட்க முடியும்? ருசியைக் கேட்டார்கள்.

எதிர்வீட்டு ஹமீதா பானு கண்ணை மூடி யோசித்தாள். "வெந்தயத்த செவக்க வறுத்தா ஒரு வாசம் கெளம்பும் பாரு, அதே வாசம். தொண்டையில இன்னும் நிக்கிது."

மூக்காயி உள்ளங்கையை மறுபடி மோந்தாள். "பதநீருப் பாகுதாங்க, வேற ஒண்ணுமில்ல. ஆனா எளம்பதத்துலயே எறக்கிப்புட்டாய்ங்க. கையில ஒட்டுது, நூலு வுட மாட்டேங்குது. நாளைக்கி ஒரு கலயம் பதநீரு கொண்டாரேன், காச்சிப் பாருங்க."

கடைசியில் ரம்லத் பீவி மெதுவாகச் சொன்னார்: "கரண்டிய நான்தான் நக்குனேன். ஓரத்துல ஒரு பொகை வாசம் அடிச்சிச்சு. வெறகடுப்பு மாதிரி."

ஆக மூன்று நாக்கு சேர்ந்து ஒரு பாகைக் கட்டி எழுப்பியது. அலாவுதீனுக்கு மட்டும் அன்று காப்பி கிடைக்கவில்லை. பால் திரிந்துவிட்டது, நாளைக்கு ஆகட்டும் என்று சாக்குச் சொல்லி, டின்னை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தார்கள்.

மறுநாள் காய்ச்சியது கசந்தது. வெந்தயம் கருகிவிட்டது. அதற்கடுத்த நாள் சம்சுன் நிஹார் வெந்தயத்தைப் பொன்னிறத்தில் இறக்கி, ஒன்றிரண்டாய்த் தட்டி, துணியில் முடிந்து பாகில் போட்டு, வாசம் இறங்கியதும் முடிச்சை எடுத்துவிட்டாள். அடுப்பில் பாதி எரிந்த கொள்ளிக்கட்டையை வேண்டுமென்றே அணைத்துப் புகைய விட்டாள். அடுப்படியில் இருமல்தான், ஆனால் இரண்டு பெண்களும் சிரித்தபடியே இருமினார்கள். பாகை டின்னில் ஊற்றியதும் ரம்லத் பீவி மோந்து பார்த்துவிட்டு, "அல்லாவே, அதே வாசம்!" என்று கையைத் தட்டினார்.

5

இப்போது அலாவுதீன். இந்த மனுஷரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. டின் காலியானது இவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்றபோது தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல், "பாகு பிரமாதம் மாப்ளே!" என்று தோளில் தட்டியிருப்பார்களே! நான் எவ்வளவு மறைத்தாலும் அந்தத் தெரு மறைக்காது.

ஆகவே அவருக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் திரிந்த பால் கதையைக் கேட்டுத் தலையாட்டினார். அடுப்படியிலிருந்து வந்த இருமலுக்கும் சிரிப்புக்கும் எதுவும் கேட்காமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம். தகரப்பெட்டி கட்டி வைத்தாகிவிட்டது. சம்சுன் நிஹார் காப்பித்தூளைக் கொதிக்கவிட்டுத் துணியில் வடிகட்டினாள். பாலைச் சுண்டக் காய்ச்சினாள். டின்னிலிருந்து இரண்டு கரண்டிப் பாகு. கையை ஆன மட்டும் உயர்த்தி ஆற்றி ஆற்றி, டம்ளர் விளிம்பைத் தாண்டி நுரை எழுப்பினாள். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

அலாவுதீன் ஒரு மடக்குக் குடித்தார். மீசையில் நுரை.

"அதே ருசியா இருக்குதாங்க?" என்றாள் அவள்.

6

முடிவு (அ): "அதே ருசிதான் சம்சு" என்று பொய் சொல்கிறார். பெட்டியை அவிழ்க்கிறார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு காப்பிக் கடை வைக்கிறார். எனக்குப் பிடித்த முடிவு இது. பிடித்திருப்பதால்தான் கொஞ்சம் பயமாயிருக்கிறது.

முடிவு (ஆ): "இது வேற ருசி" என்று உண்மையைச் சொல்லிவிட்டு ரயிலேறுகிறார். டின்னில் வெந்தயம் போட்டு வைக்கிறாள் சம்சுன் நிஹார். என் கையில் இருக்கிற டின்னுக்கு இது சரியாகப் பொருந்துகிறது. பொருந்தினால் மட்டும் போதுமா?

முடிவு (இ): "இது வேற ருசி" என்கிறார். சொல்லிவிட்டு டம்ளரை நீட்டி, "இன்னொண்ணு போடு" என்

(எழுதிக்கொண்டே வந்தவன் இங்கே பேனாவை வைத்துவிட்டேன். அந்த மனுஷர் குடித்த காப்பியை நான் குடித்ததில்லை. குடிக்காதவன் எப்படித் தீர்ப்புச் சொல்வது?)

பாகு காய்ச்சும் விதம் நாலாம் பகுதியில் இருக்கிறது. காப்பி போடும் விதம் ஐந்தில். பதநீர் கிடைக்கவில்லையா, கருப்பட்டியைக் கரைத்துக்கொள்ளுங்கள். ஆற்றும்போது கையை நன்றாக உயர்த்துங்கள். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, அலாவுதீன் சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் ஆகட்டும். அவள் இன்னும் கதவோரம்தான் நிற்கிறாள்.